சவுண்டிகள்: பத்து சென்ட் போட்டால் மூன்று நிமிடப் பாட்டுப் படம்

ஒரு வாசகரின் கேள்வி, மார்ச் 1

1940களில் அமெரிக்காவில் பார்களிலும் ஓட்டல்களிலும் ஒரு பெட்டி இருந்ததாம். காசு போட்டால் நமக்குப் பிடித்த பாட்டைப் படமாகவே காட்டுமாம். அப்படியானால் எம்.டி.வி. வருவதற்கு 40 வருடம் முன்பே மியூசிக் வீடியோ வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? இதைப் பற்றித் தமிழில் யாரும் எழுதக் காணோமே, ஏன்?

மார்ச் 1, இரவு

பெட்டி இருந்தது உண்மை. பிடித்த பாட்டைக் காட்டியது என்பது மட்டும் உண்மை இல்லை. முழுக் கதையும் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

பெட்டியின் பெயர் பானோரம். சிகாகோவில் இருந்த மில்ஸ் நாவல்ட்டி கம்பெனி தயாரித்தது. சூதாட்ட இயந்திரங்கள், தானாகவே வயலினும் பியானோவும் வாசிக்கும் வயலானோ விர்ச்சுவோசோ என்ற பெட்டி, இப்படிக் காசு போட்டால் வேலை செய்யும் எல்லாவற்றையும் செய்து விற்றவர்கள் அவர்கள். பானோரத்தில் ஓடிய படங்களுக்குத்தான் சவுண்டி என்று பெயர். 1940இல் அறிவிப்பு வந்தது, 1941 ஜனவரி முதல் வாரா வாரம் புதுச் சுருள் வர ஆரம்பித்தது, 1947 தொடக்கத்தோடு எல்லாம் முடிந்தது. மொத்தம் 1,800 படங்களுக்கு மேல். எல்லாமே கறுப்பு வெள்ளை, எல்லாமே சுமார் மூன்று நிமிடம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மூத்த மகன் ஜேம்ஸ் ரூஸ்வெல்ட் ஆரம்பத்தில் இதில் பங்காளி, பாடலாசிரியர் சாம் காஸ்லோ இன்னொருவர். ஜேம்ஸ் சீக்கிரமே மரைன் படையில் பணிக்குப் போய்விட்டார்.

சரி, தேர்வு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சுருளில் எட்டுப் படங்கள் ஒட்டி வரும். பத்து சென்ட் நாணயம் போட்டால் வரிசையில் அடுத்து எது நிற்கிறதோ அதுதான் ஓடும். உங்களுக்குப் பிடித்தது இப்போதுதான் ஓடி முடிந்தது என்றால் அதை மறுபடி பார்க்க நடுவில் உள்ள ஏழையும் யாராவது காசு கொடுத்துத் தள்ள வேண்டும். பக்கத்திலேயே இருக்கும், காசு போட்டால் இசைத்தட்டு ஓட்டும் சாதாரண ஜூக்பாக்ஸில் ஐந்து சென்ட்டுக்கு விரும்பிய பாட்டு கிடைக்கும். பாதி விலையில் தேர்வு, இரட்டை விலையில் தேர்வு இல்லை. அந்தக் கணக்கில் இது ஆறு வருடம் ஓடியதே பெரிய விஷயம்.

மார்ச் 2

தேர்வு ஏன் வைக்கவில்லை என்று கேட்டிருக்கிறார் ஒருவர். வைக்க முடியவில்லை, அவ்வளவுதான். இசைத்தட்டு தனித்தனியாக அடுக்கி வைக்கக்கூடிய பொருள், ஒரு கை வந்து வேண்டியதை எடுத்து வைத்துவிடும். படச்சுருள் அப்படி இல்லை. எட்டுப் படங்களையும் வரிசையாக ஒட்டி, கடைசியின் வாலை முதலாவதன் தலையோடு சேர்த்து ஒரே வளையமாக ஓடவிட்டார்கள். 16 எம்.எம். படம் ஒலியோடு ஓடும்போது நிமிடத்துக்கு 36 அடி போகும். எட்டு மூன்று இருபத்துநாலு நிமிடம் என்றால் 860 அடிக்கு மேல். அவ்வளவு நீள வளையம் பெட்டிக்குள் யாரும் கவனிக்காமல் நாளெல்லாம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கல்லூரி ஃபிலிம் சொசைட்டியில் 16 எம்.எம். புரொஜெக்டர் ஓட்டியவன் என்பதால் எனக்கு இந்த இடத்தில் உண்மையிலேயே வயிறு கலங்குகிறது. படச்சுருள் விளக்கொளி விழும் 'கேட்' என்ற சட்டத்துக்குள் நுழையும் முன்னும் வெளியே வந்த பின்னும் ஒரு சின்னத் தளர்ச்சி விட்டு மாட்டுவோம். அந்தத் தளர்ச்சி போய்விட்டால் படம் திரையில் குதிக்க ஆரம்பிக்கும். நல்ல பிரிண்டில் இது அபூர்வம். ஆனால் ஒட்டுப் போட்ட இடத்தில் ஓரத் துளை கொஞ்சம் கிழிந்திருந்தாலும் போதும், பல்சக்கரம் பிடிக்காமல் நழுவி அடுத்த துளையையும் கிழிக்கும். பக்கத்திலேயே நின்றால் சத்தம் மாறுவதைக் கேட்டதும் நிறுத்திவிடலாம், சில வினாடி அசந்தால் சில அடிகள் போச்சு. பாரில் யார் நிற்பார்கள்? பரிமாறுகிறவருக்கு அவர் வேலை. அதனால் இன்று கிடைக்கும் சவுண்டி பிரிண்ட்களில் கீறலும் வெட்டும் இருந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். அந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும் என்ன பாடு பட்டு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 2, கொஞ்சம் கழித்து

பெட்டியின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆளை விட உயரமான மர அலமாரி. உள்ளே ஆர்.சி.ஏ. புரொஜெக்டர். அது நேராகத் திரையில் அடிக்காது, கண்ணாடிகளில் பட்டுத் திரும்பித் திரையின் பின்பக்கத்தில் விழும், நாம் முன்பக்கத்திலிருந்து பார்ப்போம். திரை சுமார் 18 அங்குலத்துக்கு 22 அங்குலம். கண்ணாடி படத்தை இடம் வலம் மாற்றிவிடும் என்பதால் பிரிண்ட்டையே இடம் வலம் திருப்பி, அதாவது எழுத்தெல்லாம் திரும்பித் தெரியும்படி எடுத்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மார்ச் 4

"முதல் மியூசிக் வீடியோ" பட்டம் கொடுப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. பேசும்படம் வந்த உடனேயே பாட்டை மட்டும் வைத்து எடுத்த குறும்படங்கள் வந்துவிட்டன, 1926இலிருந்து வார்னர் பிரதர்ஸின் வைட்டாஃபோன் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. 1929இல் ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் நடித்துப் பாடிய "செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்" என்ற குறும்படம் இருக்கிறது. அவரைத் திரையில் பார்க்க நமக்கு இருப்பது அது ஒன்றுதான். அதை இயக்கிய டட்லி மர்ஃபியே 1941இல் சவுண்டிகளும் இயக்கினார். ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்கும்போது எங்கே "முதல்" என்று கோடு போடுவது? "எம்.டி.வி.யின் முன்னோடி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் படங்களைப் பார்க்காமலே போய்விடுவோம் என்பதுதான் என் பயம்.

மார்ச் 5

ஒரு காசுக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை யோசியுங்கள். போட்டவர் ஒருவர், பார்ப்பவர்கள் பாரில் உள்ள அத்தனை பேரும். தனியார் பஸ்ஸில் டிரைவர் எந்தப் பாட்டுப் போடுகிறாரோ அதைத்தான் மொத்த பஸ்ஸும் கேட்டாக வேண்டும் இல்லையா, இங்கே டிரைவர் இடத்தில் சிகாகோவில் சுருள் ஒட்டியவர் இருந்தார். ஸ்விங் இசைக்கு வந்தவர் ஹவாய் கிடாரைப் பார்ப்பார், அதற்கு வந்தவர் ஐரிஷ் பாட்டு, கௌபாய் பாட்டு, நீச்சலுடைப் பெண்கள், சர்க்கஸ் வித்தை என்று எல்லாவற்றையும் தாண்டி வருவார். வெள்ளையர் மட்டுமே உட்காரும் பாரில் கறுப்பின ஜாஸ் கலைஞர் கவுன்ட் பேஸியின் இசைக்குழு திரையில் வந்து நிற்கும். அந்த பாருக்குள் பேஸி வாடிக்கையாளராக நுழைந்திருக்க முடியாது.

மார்ச் 8

இதை எழுதத்தான் இந்த இழையிலேயே நான் உட்கார்ந்தேன். நீளமாகப் போகும்.

1941 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் மாயன் தியேட்டரில் கறுப்பின ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டன் "ஜம்ப் ஃபார் ஜாய்" என்ற இசை நாடகத்தை மேடையேற்றினார். முழுக்கக் கறுப்பினக் கலைஞர்கள். கறுப்பர் என்றால் தோட்டத்து அடிமை, சோம்பேறி, வேலைக்காரர் என்று மேடையும் சினிமாவும் காட்டிக்கொண்டிருந்ததற்கு நேரடிப் பதிலாகவே அதை உருவாக்கினார்கள். எலிங்டன் கடைசி வரை பெருமையாகப் பேசிய வேலை அது. செப்டம்பர் இறுதியில் நின்றது. நியூயார்க் போகவில்லை. யாரும் படம் பிடிக்கவில்லை.

அதே வருடக் கடைசியில் எலிங்டன் குழு ஹாலிவுட்டில் ஐந்து சவுண்டிகளுக்கு நடித்தது. அதில் ஒன்றான "ப்ளி-ப்ளிப்" அந்த நாடகத்தில் வந்த பாட்டு. மேரி பிரையன்ட்டும் பால் வைட்டும் பேசுவது போலப் பாடிக்கொண்டே ஆடுகிறார்கள், இருவருமே நாடகத்தில் இருந்தவர்கள். "ஐ காட் இட் பேட்" ஐவி ஆண்டர்சன் பாடுவது, அதுவும் நாடகத்துக்காக எழுதியது. ஐவி ஆண்டர்சன் 1949இலேயே போய்விட்டார். ஆக, எலிங்டன் தன் வாழ்நாளில் மிகவும் நேசித்த மேடையிலிருந்து அசைந்து பேசும் உருவமாக நமக்கு மிஞ்சியிருப்பவற்றில் இந்தப் பத்து சென்ட் படங்கள் முக்கியமானவை. பெரிய ஸ்டுடியோ எதுவும் அதைத் தொடவில்லை. வாரத்துக்கு எட்டுப் படம் கேட்டு வாய் திறந்து நின்ற ஒரு காசுப் பெட்டி தொட்டது.

எட்டு என்ற அந்த எண்ணைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வாரம் எட்டு என்றால் வருடம் 416. அவ்வளவு பசி உள்ள இயந்திரம் ஆளைப் பார்த்துப் பொறுக்கி எடுக்க முடியாது. ஊருக்கு எந்த இசைக்குழு வந்திருக்கிறதோ அதைக் கூப்பிட்டு, ஒரு நாள் ஒலிப்பதிவு, அப்புறம் மளமளவென்று ஷூட்டிங், கையோடு அடுத்த குழு. செட் மட்டமாக இருக்கும், கேமரா இரண்டு மூன்று கோணத்துக்கு மேல் போகாது, ஆனால் ஆள் இருப்பார். ஹாலிவுட்டின் பெரிய படங்களில் கறுப்பின இசைக்கலைஞருக்கு ஒரு பாட்டு கிடைப்பதே அபூர்வம், அதுவும் கதையோடு ஒட்டாத காட்சியாக வைப்பார்கள், தெற்கு மாநிலத் தியேட்டரில் வெட்டி எடுத்தாலும் கதை குறையக்கூடாது என்பதற்காக. சவுண்டிகளில் கறுப்பினக் கலைஞர்களைக் கொண்டவை மட்டும் 300க்கும் மேல்.

அந்த ஐந்தில் இன்னொன்று "ஃப்ளமிங்கோ". ஹெர்ப் ஜெஃப்ரிஸ் பாடுகிறார், ஜேனட் காலின்ஸும் டாலி பீட்டியும் ஆடுகிறார்கள். காலின்ஸ் பத்து வருடம் கழித்து நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் முதன்மை நடனக்காரியாக ஆன முதல் கறுப்பினப் பெண். இளம் வயதில் அவர் ஆடியதை நாம் பார்க்க முடிகிறது என்றால் காரணம் இந்த மூன்று நிமிடம்.

மார்ச் 8, தொடர்ச்சி

"ஹாட் சாக்லேட்" பற்றிச் சொல்லாமல் தூங்கப் போக மனமில்லை. எலிங்டன் குழு "காட்டன் டெயில்" வாசிக்கிறது, பென் வெப்ஸ்டரின் டெனர் சாக்ஸபோன், அப்புறம் லிண்டி ஹாப் என்ற ஜோடி நடனம் ஆடும் வைட்டீஸ் லிண்டி ஹாப்பர்ஸ் ஆட்டக்காரர்கள் ஜோடி ஜோடியாக உள்ளே பாய்கிறார்கள். ஹார்லெமின் சவாய் நடன அரங்கில் வளர்ந்தவர்கள். பெண்ணைத் தோளுக்கு மேல் தூக்கிப் போட்டு மறுபக்கம் இறக்கும்போது அவள் பாதம் தரையைத் தொடுவது சரியாகத் தாளத்தின் மேல் விழும். அதை மட்டும் பார்க்கத் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறேன்.

அந்தப் படங்களில் பாஸ் வாசிப்பவர் ஜூனியர் ராக்லின். எலிங்டன் குழுவின் பாஸ் என்றதும் ரசிகர்கள் நினைக்கும் ஜிம்மி பிளான்டன் காசநோயால் அதற்குச் சற்று முன்புதான் விலகியிருந்தார். 1942 ஜூலையில் இறந்தபோது வயது 23. கொஞ்சம் முன்னால் கேமரா வந்திருக்கக்கூடாதா என்று ஒவ்வொரு முறையும் மனசு அடித்துக்கொள்கிறது.

மார்ச் 10

ஒரு வாசகர் கோபமாக எழுதியிருக்கிறார்: சவுண்டிகளில் இனக் கேலி நிறைய இருக்கிறதே, நீங்கள் ஏன் அதை மறைக்கிறீர்கள் என்று. கோபம் நியாயமானது. 1942இல் கறுப்பின ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் நடித்த "ஸ்லீப்பி டைம் டவுன் சவுத்" பாருங்கள், பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே, பழைய தோட்டத்துக் கனவு அப்படியே. எலிங்டன் நாடகம் எதை எதிர்த்ததோ அதே சரக்கு, அதே கம்பெனியின் சுருளில். பெட்டிக்குப் பசி என்றேனே, அந்தப் பசிக்கு நல்லதும் கெட்டதும் ஒன்றுதான்.

இருந்தாலும் படத்துக்குப் படம் பார்க்க வேண்டும். ஜீன் க்ரூப்பா குழுவின் "லெட் மீ ஆஃப் அப்டவுன்" 1942. வெள்ளைக்காரப் பாடகி அனிடா ஓ'டேயும் கறுப்பின ட்ரம்பெட் கலைஞர் ராய் எல்ட்ரிட்ஜும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டு, சமமாகப் பேசிக்கொள்கிறார்கள், அப்புறம் அவர் ட்ரம்பெட்டை உயர்த்துகிறார். அந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போனபோது எல்ட்ரிட்ஜுக்குச் சாப்பிடவும் தங்கவும் இடம் கிடைக்காத ஊர்கள் இருந்தன. படத்தில் அவர் நிற்கும் நிற்பைப் பார்த்தால் அது தெரியாது, தெரியக்கூடாது என்றே நிற்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

முதல் கேள்விக்கும் இது பதில். எம்.டி.வி. 1981 ஆகஸ்ட் 1ஆம் தேதி தொடங்கியது. ஆரம்ப வருடங்களில் கறுப்பினக் கலைஞர்களைக் காட்டவே தயங்கியது, ஏன் என்று 1983இல் பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி அந்தச் சேனலின் பேட்டியிலேயே நேருக்கு நேர் கேட்டார். 40 வருடம் முந்திய காசுப் பெட்டி இந்த விஷயத்தில் தாராளமாக இருந்திருக்கிறது. முன்னோடி என்ற சொல் இங்கே பொருந்தவே இல்லை.

மார்ச் 12

போர்க்காலம் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 1941 டிசம்பர் 7 பேர்ல் ஹார்பர் தாக்குதல், அதோடு அமெரிக்காவும் உலகப் போரில் இறங்கியது. மறு வருடமே ஜூக்பாக்ஸ், பானோரம் எல்லாவற்றின் உற்பத்தியும் நின்றது, உலோகமும் மின்பாகங்களும் ஆயுதத்துக்குப் போயின. அதாவது கடைகளில் ஏற்கெனவே இருந்த சில ஆயிரம் பெட்டிகளோடு தொழில் உறைந்துவிட்டது. பார்க்க ஆள் இருந்தது, ரயில் நிலையங்களில் சிப்பாய்கள், ராப்பகலாக ஓடும் தொழிற்சாலை ஊர்களில் கையில் காசுள்ள தொழிலாளர்கள். புதுப் பெட்டிதான் இல்லை.

1942 ஆகஸ்ட் 1இல் இசைக்கலைஞர் சங்கத் தலைவர் பெட்ரில்லோ ஒலிப்பதிவுத் தடை அறிவித்தார். ஜூக்பாக்ஸும் வானொலியும் இசைத்தட்டை ஓட்டிச் சம்பாதிக்கின்றன, வாசித்தவருக்கு ஒன்றும் இல்லை என்பது அவர் வாதம். ஆர்.சி.ஏ. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பரில்தான் இறங்கி வந்தன. அந்தக் கால இசையைத் தட்டில் தேடினால் ஒரு பள்ளம் இருக்கும்.

இன்னொன்று, நம் பக்கத்துச் செய்தி. அந்தக் கால இசைத்தட்டு அரக்கில் செய்தது, அரக்கு போனது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து, சோட்டா நாக்பூர்க் காடுகளில் மரக்கிளையில் பூச்சி கட்டுவதைச் சுரண்டி எடுத்தது. போர் வந்து கப்பல் பாதை சிக்கலானதும் 1942 ஏப்ரலில் தட்டுக்கான அரக்கை 70 சதவீதம் குறைத்துவிட்டார்கள். புதுத் தட்டு வேண்டுமானால் பழைய தட்டைத் திருப்பிக் கொடு என்று கடைகள் கேட்டன.

துணிக்கும் கட்டுப்பாடு வந்தது. 1942 மார்ச்சில் போர் உற்பத்தி வாரியம் கம்பளித் துணியை அளந்து கொடுக்கச் சொன்னது. தொடை வரை தொங்கும் கோட்டு, தொளதொள கால்சட்டை கொண்ட ஜூட் சூட் அதோடு கிட்டத்தட்ட சட்டவிரோதம் ஆனது. அதே வருடம் கறுப்பின நடிகை டாரத்தி டான்ட்ரிட்ஜும் பால் வைட்டும் "ஜூட் சூட்" என்றே ஒரு சவுண்டியில் அந்த உடையை உடுத்திக் கொண்டாடுகிறார்கள். 1943 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் இதே உடை போட்ட மெக்சிகோ வம்சாவளிப் பையன்களைக் கடற்படைச் சிப்பாய்கள் தெருவில் இழுத்துப் போட்டு அடித்து உடையைக் கிழித்தார்கள். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு அந்தப் படத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது, அந்த இருவர் மேல் மரியாதைதான் வரும்.

மார்ச் 13

மில்ஸ் பிரதர்ஸ் என்ற பாடகர் குழுவுக்கும் மில்ஸ் நாவல்ட்டிக்கும் உறவு இல்லை. பாடகர்கள் வேறு, கம்பெனி வேறு. அவர்களுடைய "பேப்பர் டால்" சவுண்டியில் காகிதப் பொம்மை உயிர் பெற்று ஆடும், அதுவும் டான்ட்ரிட்ஜ்தான். 1954இல் வந்த "கார்மன் ஜோன்ஸ்" படத்துக்காகச் சிறந்த நடிகை ஆஸ்கார் பரிந்துரை பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். சவுண்டிகளில் நடித்தபோது அவருக்குச் சுமார் இருபது வயது.

மார்ச் 16

தேர்வு இல்லாததால்தான் செத்தது என்று பலரும் இங்கே முடிவு கட்டிவிட்டார்கள், நான் முதல் நாள் எழுதிய கணக்கும் அதற்குத் துணை போகிறது. ஆனால் யோசிக்க யோசிக்க அது பாதிக் காரணம்தான் என்று படுகிறது. 1960இல் பிரான்ஸில் ஸ்கோபிடோன் வந்தது. வண்ணப் படம், காந்த ஒலி, 36 படங்களில் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கலாம். பானோரத்திடம் எதெல்லாம் இல்லையோ அதெல்லாம் இருந்தது. 1964இல் அமெரிக்காவுக்கும் வந்தது. பத்தாண்டு முடிவதற்குள் அதுவும் படுத்துவிட்டது. ஆகவே தேர்வு மட்டும் காப்பாற்றியிருக்காது.

போர் முடிந்தபோது பெட்டிகள் பழசாகிவிட்டன. டெலிவிஷன் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. படம் காட்டும் பெட்டிக்குத் தனிக் காசு ஏன் என்ற கேள்வி எழுந்துவிட்ட பிறகு யாரும் புது முதல் போடமாட்டார்கள். சில பானோரங்களுக்கு நடந்தது இன்னும் சோகம். சோலோ-வியூ என்று ஒரு மாற்று அமைப்பு வந்தது, பெரிய திரையை மறைத்து ஒருவர் மட்டும் குனிந்து பார்க்கும் துளை வைத்தார்கள், உள்ளே ஓடியது கவர்ச்சிப் படம். ஒரு பாருக்கே சேர்த்துக் காட்டிய பெட்டி ஒற்றை ஆள் எட்டிப் பார்க்கும் பெட்டியானது.

படங்கள் பிழைத்ததும் அதே டெலிவிஷனால்தான். அஃபிஷியல் ஃபில்ம்ஸ் என்ற நிறுவனம் சவுண்டிகளை வாங்கி வீட்டுப் புரொஜெக்டர்களுக்கும் தொலைக்காட்சிக்கும் விற்றது. ஆரம்ப கால நிலையங்களுக்கு இடைவெளியை நிரப்ப மூன்று நிமிடச் சரக்கு தேவைப்பட்டது.

மார்ச் 20

நேற்று ராத்திரி ஜாஸ் பியானோ கலைஞரும் பாடகருமான ஃபேட்ஸ் வாலரின் 1941 சவுண்டிகளை மறுபடி போட்டேன். "எயின்ட் மிஸ்பிஹேவின்", "யுவர் ஃபீட்ஸ் டூ பிக்", "ஹனிசக்கிள் ரோஸ்", "த ஜாயின்ட் இஸ் ஜம்பின்". இந்த நாலையும் ஒரு முறை ஒலியோடும் ஒரு முறை ஒலி இல்லாமலும் பார்க்கச் சொல்வேன்.

ஒலியோடு பார்த்தால் அவருடைய இடது கை பின்னிக்கொண்டே இருப்பது கேட்கும், தாழ்ந்த சுரத்தில் ஒரு அடி, தாவி நடுவில் பல சுரம் சேர்ந்த ஒரு கார்டு, மறுபடி கீழே. ஒலியை நிறுத்தினால் புருவம் தெரியும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு புருவம் மட்டும் மேலே போகும், பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் கண்ணாலேயே ஒரு பேச்சு, உதடு கோணும், தோள் குலுங்கும். பாட்டு ஏற்கெனவே பதிவாகிவிட்டது. சவுண்டிகள் எல்லாமே பிளேபேக்தான், முதலில் ஒலி, அப்புறம் அதை ஓடவிட்டு வாயசைப்பு. பெரும்பாலானவர்கள் அதில் கொஞ்சம் விறைத்துப்போவார்கள். வாலருக்கு அது விடுதலையாக இருந்திருக்கிறது, வாசிக்க வேண்டிய கவலை போனதும் முழு உடம்பையும் நடிப்புக்குக் கொடுத்துவிட்டார்.

1943 டிசம்பர் 15ஆம் தேதி கான்சாஸ் சிட்டி அருகே ரயிலிலேயே இறந்தார், வயது 39. அந்த வருடம் "ஸ்டார்மி வெதர்" படத்தில் கொஞ்ச நேரம் வருகிறார். அது போக, பாட்டுக்குள் அவர் எப்படி வாழ்ந்தார் என்று தெரிந்துகொள்ள இந்த நாலு துண்டுகள் இல்லாமல் வழியே இல்லை.

மார்ச் 21

பிளேபேக் என்றதும் ஒரு எச்சரிக்கை. திரையில் சாக்ஸபோன் பிடித்திருப்பவர்தான் நாம் கேட்கும் சாக்ஸபோனை வாசித்தவர் என்று நம்பிவிட வேண்டாம். ஒலிப்பதிவுக்கு ஒரு கூட்டம், ஷூட்டிங்குக்கு வேறு கூட்டம் என்பது இதில் சாதாரணம். சில நேரம் நடிகர்களையே வாத்தியத்தோடு உட்கார வைத்திருப்பார்கள். டிரம்ஸைப் பார்த்தால் பிடிபட்டுவிடும்: சத்தம் வந்த பிறகு குச்சி இறங்கும்.

மார்ச் 24

பெண்கள் குழு உண்டா என்று கேட்டவருக்கு: இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம். மிசிசிப்பியின் பைனி வுட்ஸ் பள்ளியில் தொடங்கிய, பல இனப் பெண்கள் சேர்ந்த பெரிய இசைக்குழு, தலைமை ஆனா மே வின்பர்ன். 1946 வாக்கில் எடுத்த அவர்கள் படங்கள் சவுண்டிகளாக வந்தன. "ஜம்ப் சில்ட்ரன்" பாருங்கள். ட்ரம்பெட் வரிசை எழுந்து நிற்கும்போது யாரும் கேமராவைப் பார்த்து இளிக்கவில்லை, வேலையில் இருக்கிறார்கள். தெற்கில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து மேடையேறினால் கைது என்ற நிலையில் ஊர் சுற்றியவர்கள். லக்கி மில்லிண்டர் குழுவோடு காஸ்பல் பாடகி சிஸ்டர் ரோசெட்டா தார்ப் 1941இல் நடித்த "த லோன்சம் ரோடு" படத்தையும் கையோடு பாருங்கள்.

மார்ச் 28

எங்கே ஆரம்பிப்பது என்று பலர் கேட்டுவிட்டீர்கள். 2023இல் 200 சவுண்டிகள் நல்ல பிரிண்ட்டிலிருந்து ப்ளூ-ரேயாக வந்திருக்கின்றன, முடிந்தால் அது. இணையத்தில் பார்ப்பதானால் எலிங்டனின் "ஜாம் செஷன்" முதலில். ஒரு சின்ன விடுதி செட், ரே நான்ஸ் வயலின், ரெக்ஸ் ஸ்டூவர்ட் கார்னெட், வெப்ஸ்டர், ஜோ நான்டன் ட்ராம்போன், பார்னி பிகார்ட் கிளாரினெட், ஒவ்வொருவராக வந்து வாசித்துவிட்டுப் போவார்கள். ஆளையும் ஓசையையும் பொருத்திப் பார்க்கப் பழக இதைவிட நல்ல பாடம் இல்லை. அப்புறம் வாலர், அப்புறம் டான்ட்ரிட்ஜின் "கௌ-கௌ பூகி", அப்புறம் பாடகரும் சாக்ஸபோன் கலைஞருமான லூயி ஜோர்டன் நடித்தது எது கிடைத்தாலும்.

இணையப் பிரதிகளில் மூன்று தொல்லை உண்டு. ஒன்று, வேறு பதிவின் ஒலியைச் சுத்தமாக இருக்கிறது என்று ஏற்றிவிடுகிறார்கள், உதடும் ஒலியும் கடைசி வரை சேராது. இரண்டு, செயற்கை வண்ணம். மூன்றாவது, பானோரத்துக்காக எடுத்த பிரிண்ட்டைத் திருப்பாமல் அப்படியே ஏற்றுவது. கண்ணாடி பற்றி முன்பு சொன்னேனே, அது இங்கே. தலைப்பை வெட்டிவிட்டிருந்தால் எழுத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆண்களின் கோட்டுப் பொத்தானைப் பாருங்கள், இடது பக்கத் துணி மேலே வர வேண்டும். வயலின் வில் வலது கையில் இருக்க வேண்டும். பியானோவில் கீழ்ச் சுரம் கேட்கும்போது அசைய வேண்டியது வாசிப்பவரின் இடது கை. குழு முழுவதும் இடது கைக்காரர்களாகத் தெரிந்தால் படத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், சில வீடியோ பிளேயர்களில் அதற்கு வசதி இருக்கிறது.